வின்னிபெக்கில் நிற்கும் ட்ரெயிலர் வீடு: உறைபனிக்கு முன் தண்ணீர் லைனை என்ன செய்ய வேண்டும்?

வட்டக்கச்சி பிளம்பர்

எல்லோருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சி வட்டக்கச்சியில் குழாய் வேலை செய்கிறேன். வீட்டு லைன், வோட்டர் பம்ப், தோட்டத்துச் சொட்டுநீர் லைன் எல்லாம் செய்வேன். கனடாவில் வின்னிபெக்கில் இருக்கும் அக்காவும் அத்தானும் இந்த வருடம் பழைய ட்ரெயிலர் வீடு ஒன்று வாங்கினார்கள். வாகனத்துக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போவது. உள்ளே சின்னக் குசினி, குளியலறை, ரொயிலட், சுடுதண்ணீர் ஹீற்றர் எல்லாம் இருக்கிறது. கோடை முழுக்க ஏரிக்கரைகளில் கொண்டுபோய் நிறுத்தித் தங்கினார்கள். இப்போது ஐப்பசி பிறந்துவிட்டது. சித்திரை வரை அது வீட்டு முற்றத்தில் சும்மா நிற்கும். கடையில் கொடுத்தால் காசு போகும், நீ வீடியோவில் சொல்லு, நான் செய்கிறேன் என்கிறார் அத்தான்.

குழாய் எனக்குத் தெரியும். குழாய்க்குள் உறையும் தண்ணீரை நான் கண்டதில்லை. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் இங்கே மாடுகள் செத்து விழுந்தன. அப்போதுகூட எந்த லைனிலும் ஐஸ் பிடிக்கவில்லை.

மூன்று விஷயம் கேட்கிறேன். தாங்கித் தண்ணீரை வெளியே விட்டால் காணுமா? காருக்கு ஊற்றும் பச்சைக் கூலன்ற் அத்தானிடம் இருக்கிறதாம், அதை லைனுக்குள் விடலாமா? கொம்பிரசர் வைத்து ஊதினால் சரிவருமா? செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

மாங்குளம் மோட்டர் வேலை

தம்பி, நான் வெளிநாடு போனவனில்லை, வேலை அனுபவத்தில் சொல்கிறேன். தாங்கியை வடித்துவிட்டு எல்லா டெப்பையும் திறந்து வைத்தால் காற்று உள்ளே போகும், தண்ணீர் தானாக இறங்கிவிடும். கோடைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு நாங்கள் அப்படித்தானே செய்து கொடுக்கிறோம். அங்கே இருப்பவர்கள் பிழை இருந்தால் திருத்துங்கள்.

நெடுங்கேணி, இப்போது வின்னிபெக்

மாங்குளம் அண்ணை சொன்னது முதல் வேலை. அதோடு நிற்பாட்டினால் சித்திரையில் தரையெல்லாம் தண்ணீர்.

முதலில் ஏன் வெடிக்கிறது என்று பார்ப்போம். தண்ணீர் ஐஸாகும்போது கிட்டத்தட்ட 9 வீதம் பெருக்கும். ஐஸ் பிடித்த இடத்திலேயே குழாய் வெடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. ஒரு இடத்தில் ஐஸ் அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்புக்கும் பூட்டிய டெப்புக்கும் நடுவில் மாட்டிய தண்ணீருக்குப் போக வழி இல்லை. ஐஸ் வளர வளர அதன் அழுத்தம் ஏறி, லைனில் எது பலவீனமோ அது போய்விடும். இந்த ட்ரெயிலர்களில் குழாய் பெக்ஸ் என்ற வளையும் பிளாஸ்டிக், அது கொஞ்சம் நீண்டு கொடுக்கும். எல்போ, டெப்பின் உள்பாகம், பில்டர் கூடு, பம்பின் தலை எல்லாம் கடினமான பிளாஸ்டிக். முதலில் வெடிப்பது அவைதான்.

இனித் தண்ணீர் எங்கே ஒளிந்திருக்கும் என்று பார்க்க வேண்டும். தாங்கியை வடித்தாலும் பம்புக்குள் நிற்கும். ஹீற்றருக்குள் 23 லீற்றர் அல்லது 38 லீற்றர், மொடலைப் பொறுத்தது. பேசினுக்குக் கீழே, குளியல் தட்டுக்குக் கீழே யூ ட்ராப்பில், அதாவது கழிவு மணம் ஏறாமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவில், நிற்கும். ரொயிலட் வால்வில் நிற்கும். வெளிப்பக்கத்தில் கால் கழுவ ஒரு ஷவர் வைத்திருப்பார்கள், பலர் மறப்பது அதைத்தான். ஹோஸ் கொழுவும் வாயில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் சின்ன வால்வ் ஒன்று இருக்கும், அதற்குப் பின்னால் ஒரு மடக்குத் தண்ணீர் நின்றாலே அது வெடிக்கும். ஒருபக்கச் சாய்வான முற்றத்தில் நிறுத்தினால் லைன் தொய்ந்த இடத்திலும் நிற்கும். ஜனவரியில் இங்கே மைனஸ் 30 வரை இறங்கும் இரவுகள் வரும். மிச்சமாக நின்ற தண்ணீர் எல்லாம் கட்டாயம் உறையும்.

அதனால் வேலை இரண்டு கட்டம். முதலில் முடிந்தவரை தண்ணீரை எடுப்பது. பிறகு எடுக்க முடியாத இடத்துக்கு ரோஸ் நிற அன்டிபிரீஸ், அதாவது உறைந்து வெடிக்காமல் காக்கும் திரவம், அனுப்புவது. இரண்டாவதை மட்டும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே நிற்கும் தண்ணீரோடு கலந்து அது ஐதாகிவிடும், போத்தலில் எழுதியிருக்கும் காப்பு அப்போது கிடைக்காது.

அத்தானிடம் இப்படிச் சொல்லுங்கள். கழிவுத் தாங்கி இரண்டையும் அதற்கான இடத்தில் கொண்டுபோய் வெறுமையாக்கிக் கழுவிவிட்டு வரட்டும். ஹீற்றருக்குப் போகும் கேஸையும் கரண்டையும் நிறுத்த வேண்டும். சூடு முழுக்க ஆறும்வரை பொறுக்க வேண்டும், இதில் அவசரம் வேண்டாம், கொதிதண்ணீர் முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு மேலே உள்ள அழுத்த வால்வைத் தூக்கி, கீழே உள்ள அடைப்பைக் கழற்றினால் தண்ணீர் பாய்ந்து வரும். நல்ல தண்ணீர்த் தாங்கியின் வடிகாலைத் திறக்கட்டும். ட்ரெயிலரின் அடிப்பக்கம் சிவப்பு, நீல மூடியோடு இரண்டு குழாய்த் துண்டு தொங்கும். சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர் லைன் இரண்டிலும் ஆகப் பதிந்த இடம் அதுதான். அதைக் கழற்றி, உள்ளே எல்லா டெப்பையும் திறக்கட்டும். கடைசியாகப் பம்பை ஒரு சில விநாடி ஓடவிட்டால் அதன் வயிற்றில் நிற்பதும் வரும். பில்டர் இருந்தால் உள் உருளையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூட்டை வெறுமையாக மாட்டச் சொல்லுங்கள்.

மிச்சம் நாளை எழுதுகிறேன், வேலைக்குப் போக வேண்டும்.

முள்ளியவளை அக்கா (பிரம்ப்ரன்)

தம்பி, அந்தப் பச்சைக் கூலன்ற்றைத் தண்ணீர் லைனுக்குக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம். அது எதிலீன் கிளைகோல். இனிப்பாக இருக்கும், பிள்ளைகளும் நாய்களும் குடித்துவிடும், சிறுநீரகத்தைப் பழுதாக்கி ஆளைக் கொல்லும். குடிக்கிற தண்ணீர் ஓடும் குழாய்க்குள் ஒருமுறை விட்டால் பிறகு எவ்வளவு கழுவினாலும் மனம் நம்பாது. சிறுநீரகம் பழுதாகி ரத்தம் சுத்திகரிக்க அலையும் குடும்பங்களை வவுனியாப் பக்கம் கண்ட ஆக்கள் நாங்கள். இதில் விளையாட்டு வேண்டாம்.

கண்ணாடி கழுவும் நீலத் தண்ணீரும் ஆகாது, அதில் மெதனோல். மலிவு என்று அதை ஊற்றுகிற ஆக்களும் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

வாங்க வேண்டியது ட்ரெயிலருக்கென்று விற்கும் ரோஸ் நிறத் திரவம். புரொபிலீன் கிளைகோல் என்று லேபலில் இருக்க வேண்டும். ரோஸ் நிறத்திலேயே எதனோல் கலந்த மலிவுச் சாமானும் உண்டு. அது ரப்பர் சீலைக் காயப் பண்ணும், மணமும் போகாது, நெருப்புப் பற்றக்கூடியது. நிறத்தைப் பார்த்து வாங்காமல் லேபலை வாசித்து வாங்கச் சொல்லுங்கள்.

வட்டக்கச்சி பிளம்பர்

அக்கா, அண்ணை, பெரிய உபகாரம். கூலன்ற்றை எடுத்துக் கராஜில் வைக்கச் சொல்லிவிட்டேன்.

இன்னும் இரண்டு விளக்கம் வேண்டும். ஹீற்றர் 23 லீற்றர் என்றால் அதை நிரப்பவே ரோஸ் திரவம் ஆறு கான் போய்விடுமே? மற்றது, போத்தலில் மைனஸ் 50 என்று இருக்கிறதாம். வின்னிபெக் மைனஸ் 50க்குப் போவதில்லைத்தானே, அப்படியென்றால் கவலை இல்லையா?

நெடுங்கேணி, இப்போது வின்னிபெக்

இரண்டும் நல்ல கேள்வி.

ஹீற்றருக்குள் திரவம் போகவே கூடாது. அதன் பின்பக்கம் பைபாஸ் வால்வ் இருக்கும். சிலதில் ஒன்று, சிலதில் இரண்டு, சிலதில் மூன்று. நீங்கள் குழாய்க்காரர், படம் கண்டால் உடனே விளங்கும்: உள்ளே போகும் பச்சைத்தண்ணீர் ஹீற்றரைச் சுற்றி நேராகச் சுடுதண்ணீர் லைனுக்கு ஏற வேண்டும். அப்படித் திருப்பினால் முழு ட்ரெயிலருக்கும் இரண்டு மூன்று கான் காணும். கான் ஒன்று 3.78 லீற்றர். வெறுமையான ஹீற்றர் அப்படியே நிற்கட்டும், அடியில் ஒரு கோப்பைத் தண்ணீர் மிஞ்சினாலும் பெருக்க இடம் இருக்கிறது, ஒன்றும் ஆகாது.

மைனஸ் 50 என்பது பரன்ஹைற். செல்சியஸில் மைனஸ் 45 அளவு. அதுவும் திரவம் உறையும் வெப்பநிலை என்று எடுக்க வேண்டாம். குழாய் வெடிக்காமல் காப்பது அந்த அளவு வரை என்றுதான் அர்த்தம். மைனஸ் 10, 12 அளவிலேயே அது கூழாகத் தொடங்கும். கூழ் கல்லாக இறுகாமல் நெகிழ்ந்து நிற்கும், குழாயைத் தள்ளாது. முதல் வருடம் கண்டு பயந்து போன் எடுக்கிற ஆக்கள் நிறையப் பேர், பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் தண்ணீர் கலந்தால் இந்தக் கணக்கு எல்லாம் மாறிவிடும். அதனால்தான் வடித்த பிறகு ஊற்று என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக்கு மைனஸ் 100 பரன்ஹைற் என்று எழுதிய வகையும் கிடைக்கும். விலை கூட, ஆனால் வின்னிபெக் இருக்கும் மனிரோபா மாகாணத்தில் நான் அதைத்தான் எடுப்பேன்.

ஏற்றுவது எப்படி: பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் மூன்று வழி உள்ள ஒரு ரீ வால்வும் சின்ன ஹோஸும் பலதில் ஏற்கெனவே இருக்கும். இல்லாவிட்டால் தாங்கிக் குழாயைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு துண்டு ஹோஸ் மாட்டி, கானுக்குள் விடலாம். பம்ப் 12 வோல்ட், தானாக உறிஞ்சும், எங்கள் ஊர் மெசினுக்குச் செய்வதுபோல் தண்ணீர் வார்த்துப் பிடிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு டெப்பிலும் முதலில் பச்சைத்தண்ணீர்ப் பக்கம், பிறகு சுடுதண்ணீர்ப் பக்கம். வெளிறிய ரோஸ் வந்தவுடன் பூட்டக் கூடாது, போத்தலில் உள்ள அதே நிறம் வரும்வரை ஓட வேண்டும். ஷவர், வெளி ஷவர், ரொயிலட் எதையும் விடக்கூடாது. கடைசியில் ஹோஸ் கொழுவும் வாயின் வலையைக் கழற்றி, டெப் ஒன்றைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டு, அந்தச் சின்ன வால்வை ஒரு பேனை முனையால் மெதுவாக அமத்தினால் அங்கேயும் ரோஸ் எட்டிப்பார்க்கும். பிறகு ஒவ்வொரு யூ ட்ராப்புக்கும் ஒரு கப் ஊற்றினால் சரி. கழிவுத் தாங்கிக்குள்ளும் கொஞ்சம் ஊற்றுங்கள், அதன் கதவு சீல் காயாமல் இருக்கும்.

கிளிநொச்சி டயர் கடை

கேட்டுக்கொண்டு இருக்கிறேன், நல்ல விஷயம். கொம்பிரசர் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே? என்னிடம் இருப்பது 120 பிஎஸ்ஐ அழுத்தம் வரை ஏறும். அதை வைத்து ஒரு ஊது ஊதினால் ஒரு சொட்டும் மிஞ்சாதே.

பூநகரி, எட்மன்ரன்

அண்ணை, 120 அடித்தால் உறைபனி வருமுன்னே லைன் பிரிந்துவிடும். இந்த லைன்களுக்கு 30, 40 பிஎஸ்ஐதான். ரெகுலேற்றரை அதற்கு மேல் திறக்கக் கூடாது. சைக்கிள் பம்ப் மாதிரிச் சின்னதும் ஆகாது, அழுத்தம் வந்தாலும் காற்றின் அளவு போதாது. ஹோஸ் வாயில் ஒரு அடப்டர் திருகி, டெப்பை ஒவ்வொன்றாகத் திறந்து ஊத வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரம் திறந்தால் காற்று சுலபமான வழியால் போய்விடும், தூரத்து மூலையில் தண்ணீர் நிற்கும். ஹோஸ் வாயால் ஊதும் காற்று பம்புக்குள் போகாது, அதைத் தனியாக ஓடவிட்டு வடிக்க வேண்டும்.

நான் ஊதுகிறவன். குடிக்கும் லைனுக்குள் எதையும் விட எனக்கு விருப்பமில்லை, சித்திரையில் கழுவும் வேலையும் குறைவு. யூ ட்ராப்புக்கு மட்டும் ரோஸ்.

நெடுங்கேணி, இப்போது வின்னிபெக்

பூநகரித் தம்பி நிதானமாகச் செய்கிறவர் என்று எழுத்திலேயே தெரிகிறது. அப்படிச் செய்தால் காற்று மட்டும் காணும். முதல் வருடக்காரருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஊதி முடித்த பிறகு தண்ணீர் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வழி கிடையாது, ரோஸ் என்றால் ஒவ்வொரு வாயிலும் கண்ணால் கண்டு உறுதி செய்யலாம். அத்தான் ஊதிவிட்டு, பிறகு ரோஸும் ஏற்றட்டும். இரண்டும் சேர்ந்தால் திரவமும் குறையப் போகும்.

மல்லாவி, நுவரெலியாவில் படிப்பிக்கிறேன்

ஒரு சந்தேகம். இங்கே தை மாசியில் துகள் பனி விழும். விடியப் புல்லெல்லாம் வெள்ளை, தேயிலைக் கொழுந்து கருகும். இருந்தும் நாங்கள் இருக்கும் விடுதிக் குழாய் ஒன்றும் வெடித்ததில்லை. என்ன காரணம்?

நெடுங்கேணி, இப்போது வின்னிபெக்

சேர், அங்கே பூச்சியத்தைத் தொடுவது விடியப்புறம் கொஞ்ச நேரம். அதுவும் தெளிந்த வானத்துக்குச் சூட்டை விட்டுவிடும் புல்லும் இலையும்தான் காற்றை விடக் குளிரும். குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் ஆறி உறைய அந்த நேரம் போதாது, வெயில் வந்துவிடும். இங்கே கிழமைக்கணக்கில் பூச்சியத்துக்கு மேலே ஏறாது.

வட்டக்கச்சி பிளம்பர்

நேற்று இரவு செய்து முடித்தோம். எங்களுக்கு இரவு, அவர்களுக்குப் பகல். அக்கா போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, அத்தான் கட்டிலுக்குக் கீழே பலகையைக் கழற்றி ஹீற்றரின் பின்பக்கம் காட்டினார். இரண்டு வால்வ் பைபாஸ். கைப்பிடி குழாயோடு நீளவாக்கில் இருந்தால் திறப்பு, குறுக்காக இருந்தால் பூட்டு, எங்கட போல் வால்வ் மாதிரியேதான். அதில் சிரமம் இல்லை.

ஹீற்றரின் அடைப்பைக் கழற்றியதும் அதோடு ஒரு கம்பி வந்தது. பெருவிரல் பருமனில் இருந்திருக்க வேண்டிய கம்பி, நடுவில் ஈர்க்கு அளவுக்குத் தேய்ந்து, அங்கங்கே வெள்ளைக் கட்டி பிடித்து, நுனியில் உள்கம்பி மட்டும் துருத்திக்கொண்டு இருந்தது. சுரண்டச் சொன்னேன், மாவாக உதிர்ந்தது. கிளிநொச்சியில் குழாய்க்கிணற்றுத் தண்ணீர் விடும் கீசரைப் பிரித்தால் எலிமென்ற்றில் பிடித்திருக்கும் சுண்ணாம்பு மாதிரியே. இது பழுதா? மாற்ற வேண்டுமா?

பிறகு வெளி ஷவரைத் திறக்கச் சொன்னேன். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. மூடியைத் திறந்தால் சுடுதண்ணீர்ப் பக்கத்தில் இருந்து வெறும் தண்ணீர் சளசளவென்று வந்து, பிறகுதான் நிறம் மாறியது. இந்த இழையில் கேட்காமல் விட்டிருந்தால் அது அப்படியே நின்றிருக்கும்.

பூநகரி, எட்மன்ரன்

அதுதான் அனோட் கம்பி. இரும்புத் தாங்கி உள்ள ஹீற்றரில், சபர்பன் கொம்பனியினது மாதிரி, மக்னீசியத்தில் போட்டிருப்பார்கள். அரிப்பு தாங்கியை விட்டுவிட்டுக் கம்பியைத் தின்னும். தேய்ந்திருப்பது அது தன் வேலையைச் செய்ததன் அடையாளம். முக்கால்வாசி போனால் மாற்ற வேண்டும், உங்களுடையது மாற்ற வேண்டியதுதான். புதியதை இப்போதே வாங்கி வைத்துவிட்டுச் சித்திரையில் பூட்டினால் காணும், திருகும் மரைக்கு ரெப்லோன் ரேப் சுற்ற மறக்க வேண்டாம். அட்வூட் கொம்பனியினது மாதிரி அலுமினியத் தாங்கி என்றால் வெறும் பிளாஸ்டிக் அடைப்புத்தான் இருக்கும், அதற்குக் கம்பி போடக் கூடாது.

ஒரு எச்சரிக்கை: ஹீற்றரின் கரண்ட் சுவிட்சில் இப்போதே ஒரு ரேப் ஒட்டி, தண்ணீர் இல்லை என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். சித்திரையில் வெறுந்தாங்கியோடு யாராவது போட்டால் எலிமென்ற் உடனே எரியும்.

முள்ளியவளை அக்கா (பிரம்ப்ரன்)

பற்றரியையும் கழற்றி உள்ளே வைத்துச் சார்ஜ் ஏற்றச் சொல்லுங்கள். நிறையச் சார்ஜ் உள்ள பற்றரி வின்னிபெக் குளிரிலும் உறையாது, இறங்கிய பற்றரி உறைந்து பிளக்கும்.

சித்திரைக்கு நான் செய்வது: முதலில் நல்ல தண்ணீர் விட்டு ரோஸ் நிறம் போகும்வரை எல்லா டெப்பையும் ஓடவிடுவேன். பிறகு மணமில்லாத சாதாரண பிளீச், 57 லீற்றர் தண்ணீருக்கு 60 மில்லிலீற்றர் கணக்கில் தாங்கிக்குள் விட்டு, ஒவ்வொரு டெப்பிலும் குளோரின் மணம் வரும்வரை ஓட்டி, ஒரு இரவு அப்படியே விடுவேன். அடுத்த நாள் வடித்து, மணம் போகும்வரை கழுவினால் சரி. ஊரில் வெள்ளம் வடிந்த பிறகு கிணறு இறைத்துக் குளோரின் போடுகிற அதே முறைதான். ஹீற்றரின் பைபாஸைத் திருப்புவது இந்தக் கழுவலுக்குப் பிறகு.

வன் கட்டும் பெடியன், பூநகரி

அண்ணைமாரே, அக்கா, நான் ஒரு ஹையேஸ் வானில் கட்டில், பேசின், 60 லீற்றர் தாங்கி, 12 வோல்ட் பம்ப் வைத்துச் சுற்றுலாக்காரருக்கு வாடகைக்கு விடுகிறேன். மன்னார், முல்லைத்தீவுக் கடற்கரை என்று போவார்கள். மாரியில் மூன்று மாதம் சும்மா நிற்கும். உறைபனி எங்களுக்கு இல்லை. நான் ஏதாவது செய்ய வேண்டுமா?

வட்டக்கச்சி பிளம்பர்

தம்பி, இதற்கு நான் சொல்கிறேன். தாங்கியைக் கட்டாயம் வடியுங்கள். நின்ற தண்ணீரில் பாசி பிடிக்கும், மூடி சரியாக இறுகாவிட்டால் நுளம்பு முட்டையிடும், மாரியில் டெங்கு எப்படி ஓடுகிறது என்று தெரியும்தானே. வடித்துவிட்டு மூடியை இறுக்கி, காற்றுக் குழாயின் வாய்க்கு நுளம்பு வலைத் துண்டு கட்டுங்கள். பேசினுக்குக் கீழே இருக்கும் யூ ட்ராப்பில் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். உங்களுக்கு அது உறையாது, வற்றிவிடும். வற்றினால் கழிவு மணமும் கரப்பானும் அந்த வழியால் ஏறும். ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் மேலே விட்டால் கெதியாக வற்றாது. எங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு கூட, அதனால் பம்பின் வலையைக் கழற்றி வினாகிரியில் ஊறப்போட்டு வையுங்கள்.

மாங்குளம் மோட்டர் வேலை

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. இவ்வளவும் செய்தும் எங்கேயோ வெடித்துவிட்டது என்று வைப்போம். எப்படிக் கண்டுபிடிப்பது? குழாய் முழுக்கப் பலகைக்குப் பின்னால்தானே.

நெடுங்கேணி, இப்போது வின்னிபெக்

அண்ணை, உங்களுக்குத் தெரிந்த வழிதான். தண்ணீர் நிரப்பி, எல்லா டெப்பையும் பூட்டிவிட்டுப் பம்பைப் போட வேண்டும். அழுத்தம் வந்ததும் பம்ப் தானாக நிற்கும். பிறகு டெப் திறக்காமலே அவ்வப்போது டக்கென்று ஓடி நின்றால் எங்கேயோ ஒழுகுகிறது. நிற்காமலே ஓடினால் பெரிய வெடிப்பு, உடனே நிறுத்த வேண்டும். சின்ன ஒழுக்கு என்றால் வலையும் வால்வும் உள்ள ஹோஸ் வாய், ரொயிலட்டின் பின்பக்கம், பம்பின் தலை, இந்த மூன்றையும் முதலில் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுவேன்.

புதுக்குடியிருப்பு, ஸ்காபரோ

இந்த இழையை இன்றுதான் கண்டேன். எங்கள் ட்ரெயிலர் ஒறிலியாவுக்குப் பக்கத்தில் ஒரு முகாமில் நிற்கிறது. நேற்று இரவு அங்கே மைனஸ் 3க்கு இறங்கியதாம். இன்னும் ஒன்றும் செய்யவில்லை. பிந்திவிட்டதா?

நெடுங்கேணி, இப்போது வின்னிபெக்

இல்லை, ஒரு இரவு மைனஸ் 3க்கு உள்லைன் பெரும்பாலும் தாங்கும். வெளியே கிடக்கும் ஹோஸும் வெளி ஷவரும்தான் சந்தேகம். இன்று போக ஏலுமென்றால் போய் முதலில் உள்ளே அறையைச் சூடாக்கும் ஹீற்றரைப் போட்டு, பேசினுக்குக் கீழே உள்ள அலுமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள், சூடு குழாய்க்குப் போகட்டும். ஹோஸைக் கழற்றி வடியுங்கள். மத்தியானம் பூச்சியத்துக்கு மேலே ஏறியதும் மேலே எழுதிய ஒழுங்கில் தொடங்குங்கள். பம்பைப் போடும்போது சத்தம் வந்து தண்ணீர் வராவிட்டால் ஐஸ் நிற்கிறது, கட்டாயப்படுத்தி ஓட்டாமல் இளகும்வரை பொறுங்கள். வரும் கிழமை இன்னும் இறங்கும், அதற்கு முன் ரோஸ் ஏறியிருக்க வேண்டும்.